காசு போடும் குழாய்: ஐந்துக்கு மூன்றரை

நாணயங்களை அடுக்கி வைக்கிற மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய். பத்துக் குழாய் கொண்ட ஒரு செட், 27 மி.மீ. அளவு, ஆன்லைனில் 620 ரூபாய்க்கு வாங்கினேன். ஏழு மாதம் ஆகிறது. பத்து ரூபாய் நாணயம் மட்டும் சேர்ப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். என்னைப் போல வீட்டிலிருக்கும் எல்லாக் காசையும் அள்ளிப் போடப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

பாலக்கோட்டில் பதினாறு வருடம் பெட்டிக்கடை வைத்திருந்தேன். வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற சிவப்பு போன் இருந்தது. ராத்திரி கடை சாத்தும்போது அதைத் திறந்தால் ஸ்டீல் காசாகக் கொட்டும். பளபளப்பாக இருப்பதைப் பொறுக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவேன். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே தெரியாது. 2011இல் சின்ன ஒரு ரூபாய் வந்தபோது எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. போன் போய்விட்டது, பாட்டில் நாலு மிஞ்சியது.

போன வருடம் மருமகனின் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்தவர், பேரனுக்கு ஒரு காகிதச் சுருள் கொடுத்தார். உள்ளே 40 கால் டாலர் காசு, மொத்தம் பத்து டாலர். அங்கே வங்கியிலேயே இப்படிச் சுற்றித் தருவார்களாம். பேரப்பிள்ளைகளுக்கென்று அதைப் பிரிக்காமல் எடுத்து வைக்கிற தாத்தா பாட்டிகளும் உண்டாம். நம் ஊரில் வங்கியில் சில்லறை கேட்டால் பாலிதீன் பையில் வரும், அவ்வளவுதான். பேரன் அந்தச் சுருளைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினான். காலையில் எழுந்து, "ஆயா, உன் காசு மட்டும் ஏன் ஊறுகாய் மாதிரி பாட்டில்ல கெடக்குது?" என்றான். அன்றைக்கே ஆர்டர் போட்டேன்.

முதலில் நல்லது. குழாயின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறது. காசைக் கெடுக்காத பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் என்று அர்த்தம். நான் பார்த்தது இதைத்தான். இதற்கு முன் வாங்கிய ஆல்பத்தின் உறைகளில் மழைக்கோட்டு வாடை அடிக்கும். அது பிவிசி என்கிற வேறு வகை பிளாஸ்டிக். இரண்டு கோடை தாண்டியதும் உறை பிசுபிசுத்து, பழைய கனத்த ஐந்து ரூபாய்களில் பச்சை படர்ந்துவிட்டது. எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை, ஆனால் அந்த வாடை வந்தால் காசை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். இந்தக் குழாயில் ஏழு மாதமாக வாடையும் இல்லை, பிசுக்கும் இல்லை.

பத்து ரூபாய் நாணயம் அச்சில் வார்த்தது போல உட்காருகிறது. நம் பக்கம் கடைகளில் அதை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்த காலத்தில் என்னிடம் நிறையச் சேர்ந்தது. அத்தனை வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் சொன்ன பிறகும் யார் கேட்டார்கள்? 2022இல் அரூர்க்காரர் ஒருவர் ஆறு லட்ச ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொடுத்து சேலத்தில் கார் வாங்கியது ஞாபகம் இருக்கும். எனக்குக் கார் வாங்கும் அளவுக்கு இல்லை, நாலு குழாய் நிறைந்தது. ஐம்பது நாணயம் போட்டுக் காய்கறித் தராசில் வைத்தால் 385 கிராம். ஒரு நாணயம் 7.71 கிராம், கணக்கு சரியாக வருகிறது. எண்ண வேண்டாம், நிறுத்தாலே போதும்.

இனி வயிற்றெரிச்சல். "எல்லா இந்திய நாணயங்களுக்கும்" என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். பொய். என் போன் காசு, அந்தப் பழைய ஸ்டீல் ஒரு ரூபாய், 25 மி.மீ.தான், இந்தக் குழாய்க்குள் கிலுகிலுப்பை போல ஆடுகிறது. ஐந்து ரூபாய் 23 மி.மீ., சரிந்து படுத்துக்கொள்கிறது. 1975இல் வந்த பெரிய ஒரு ரூபாய் 28 மி.மீ., வாயிலேயே நின்றுவிட்டது. காசு ஆடினால் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழும். குழாயில் போட்டதே அது விழக்கூடாது என்றுதானே! மூடியும் சுமார்தான், பத்தில் இரண்டு விரிசல்.

இன்னொன்று, நிறையப் பேர் செய்வது. குழாயில் போடும் முன் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தாமரைப் பூ போட்ட மஞ்சள் இருபது பைசா என்னிடம் ஆறு இருந்தது. குத்துவிளக்கு மாதிரி மின்னட்டும் என்று தேய்த்தேன். மின்னியது. பழைய காசு பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியபோது, "ஏம்மா இப்படிப் பண்ணீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். தேய்த்தால் பழைய காசுக்கு மதிப்பு போய்விடுமாம்.

லாபம் வரும் என்று யாரும் இதில் இறங்க வேண்டாம். ஐம்பது ஒரு ரூபாய் போட்ட குழாய், பேரன் பெரியவனானாலும் கடையில் ஐம்பது ரூபாய்தான். ஒரு பாட்டில் நிறைய நாலணா வைத்திருந்தேன். 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்றார்கள், மாற்றப் போக நேரமே வாய்க்கவில்லை. எட்டணா இன்னும் சட்டப்படி செல்லும், கடைக்காரர்தான் முறைப்பார்.

மே மாதம் ஓசூரிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு குழாயிலும் வருடம் எழுதித் துண்டுச்சீட்டு ஒட்டி, அடுக்கி வைத்திருந்தேன். பத்தே நிமிடத்தில் எல்லாம் பாயில். குழாய்க்குள் இருந்தால் விளிம்பு மட்டும்தான் தெரிகிறது, வருடம் தெரியவில்லை என்பது அவர்கள் புகார். அதுவும் சரிதான். காசு எந்த ஊரில் அச்சானது என்று வருடத்துக்குக் கீழே பார்க்கச் சொன்னேன். டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. பூதக்கண்ணாடியோடு சாப்பாடு மறந்து உட்கார்ந்துவிட்டார்கள். துண்டுச்சீட்டெல்லாம் வீண். பேரனுக்கு நட்சத்திரம், பேத்திக்கு டைமண்ட் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். கொல்கத்தாவை எனக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஸ்டீல் காசுக்கு 25 மி.மீ. செட் தனியாக ஆர்டர் போட்டிருக்கிறேன். இதில் காலியான ஒரு குழாயைப் பேத்தி பாசிமணி போட்டு வைக்க எடுத்துப் போய்விட்டாள். அதற்கு அளவு கச்சிதமாம்.