அகலேசியா அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு சாய்வுத் தலையணை: மதிப்புரை

திருச்சியில் ஒரு மெத்தைக் கடையில் அளவு சொல்லி வெட்டித் தைத்து வாங்கிய சாய்வுத் தலையணையைப் பற்றியது இந்த மதிப்புரை. சர்ஜிகல் கடைகளில் வெட்ஜ் பில்லோ என்று கேட்டால் எடுத்துத் தருவதும் இதே வகைப் பொருள்தான் என்றாலும், அளவிலும் உள்ளே இருக்கும் ஃபோமிலும் இரண்டுக்கும் வேறுபாடு நிறைய உண்டு. அந்த வேறுபாடுதான் வாங்குபவர் கவனிக்க வேண்டியது. முதுகுவலிக்காகவும் குறட்டைக்காகவும் இதை வாங்குவோர் இருக்கிறார்கள். நான் எழுதுவது அகலேசியா என்னும் விழுங்கற் கோளாறுக்காக உணவுக்குழாயின் கீழ்முனைத் தசையை வெட்டிச் சரிசெய்துகொண்டு வீடு திரும்பியிருப்பவர்களுக்காக. அவர்களுக்கு இந்தத் தலையணை சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே என் முடிவு.

அதற்கான காரணத்தை மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. உணவுக்குழாயின் சுவருக்குள் இருக்கும் ஒருவகை நரம்பணுக்கள் அழிந்துபோவதால் இந்த நோயில் இரண்டு கேடுகள் ஒருசேர நேர்கின்றன. குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலுள்ள சுருக்குத்தசை, விழுங்கும் வேளையில் தளர வேண்டியது, தளராமல் இறுகி நிற்கிறது. கவளத்தைக் கீழே தள்ளும் அலையசைவும் நின்றுபோகிறது. சோறும் தண்ணீரும் ஒன்றுபோலவே நெஞ்சில் தேங்குவதற்கு இதுதான் காரணம். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் புதிதாக வரும் அரிய நோய் என்பதால், பலரும் வாயுத்தொல்லை, அல்சர் என்று மருந்து சாப்பிட்டே சில ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். 1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சு கட்டி, அதைத் தொண்டைக்குள் செலுத்தி உணவை உள்ளே தள்ளிவிடும் முறையைப் பதிவு செய்திருக்கிறார். 1913இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தத் தசையை வெட்டித் தளர்த்தினார். இன்று வயிற்றில் சிறு துளைகளிட்டு லேப்ராஸ்கோப் வழியாகச் செய்யப்படும் மயோடமி என்னும் தசைவெட்டு அவர் பெயராலேயே வழங்குகிறது. 2008இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி உள்ளிருந்தே தசையை வெட்டத் தொடங்கினார். நம் ஊர் மருத்துவர்கள் போயம் என்று சொல்வது அதைத்தான்.

இந்த முறைகள் எவையும் நின்றுபோன அலையசைவை மீட்டுத் தருவதை நோக்கமாகக் கொண்டவை அல்ல. அடைப்பை நீக்குவதே அவற்றின் வேலை. அடைத்த வாசல் திறந்துவிடுகிறது. ஆனால் தள்ளிவிட உள்ளே ஆள் இல்லை. சிகிச்சைக்குப் பிறகும் சோறு இறங்குவது பெரும்பாலும் தன் எடையாலும், பின்னால் குடிக்கும் தண்ணீரின் எடையாலும்தான். எனவே படுக்கையில் மட்டமாகச் சாய்ந்தவுடன் அந்த உதவி இல்லாமல் போகிறது. அதோடு, இறுக்கமாக இருந்த தசை இப்போது தளர்ந்துவிட்டதால், முன்பு கீழே போக முடியாமல் இருந்த நிலை மாறி, இரைப்பையின் அமிலம் மேலே ஏறி வரும் நிலை உண்டாகிறது. இதைத் தடுக்கவே லேப்ராஸ்கோப் முறையில் இரைப்பையின் மேற்பகுதியை மடித்து முன்பக்கமாகத் தைக்கும் டோர் ஃபண்டோப்ளிகேஷனையும் சேர்த்துச் செய்கிறார்கள். எனக்குச் செய்ததும் அதுவே. போயம் முறையில் பொதுவாக அந்த மடிப்பு இல்லை.

2019இல் வெளிவந்த, ஐரோப்பாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 221 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு இவ்விரண்டையும் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விழுங்குவது நன்றாக இருந்தவர்கள் போயம் செய்துகொண்டோரில் 83 விழுக்காடு, ஹெல்லர் முறையில் ஏறத்தாழ 82 விழுக்காடு. அதாவது வேறுபாடே இல்லை. எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது உணவுக்குழாயில் அமிலப் புண் இருந்தவர்களோ முன்னதில் 44 விழுக்காடு, பின்னதில் 29 விழுக்காடு. போயம் செய்துகொண்டவருக்கு இந்தத் தலையணை இன்னும் அவசியம் என்று நான் நினைப்பது இதனால்தான். ஆனாலும் மடிப்புத் தைத்தவர்களிலும் பத்தில் ஏறத்தாழ மூவருக்குப் புண் இருந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். வீட்டில் இருக்கும் இலவம்பஞ்சுத் தலையணைகளை இரண்டு மூன்றாக அடுக்கிக்கொள்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அது சரிப்படாது. அடுக்கிய தலையணை கழுத்தையும் தோளையும் மட்டும் தூக்குகிறது. உடல் இடுப்பிலோ நடுமார்பிலோ மடங்கி, வயிறு அழுந்தி, அமிலம் மேலே வருவதற்கு வழி செய்கிறது. விடியும்போது பஞ்சு அமுங்கி, தலையணைகள் ஆளுக்கொரு பக்கம் விலகிக் கிடக்கும். தலை முதல் இடுப்பு வரை ஒரே சரிவாக உயர்ந்திருக்க வேண்டும். தலைப்பக்கம் 6 முதல் 8 அங்குலம் உயர்த்தச் சொல்வது வழக்கம்.

சர்ஜிகல் கடைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் 22 அங்குல நீளமும் 10 அங்குல உயரமும் கொண்டவை. கணக்குப் போட்டால் அது 24 டிகிரிச் சரிவு. டி.வி. பார்க்கவும் நாளிதழ் படிக்கவும் அது சுகமாக இருக்கும்; தூங்க முடியாது, ஏனெனில் சறுக்கிக்கொண்டே கீழே வந்துவிடுவோம். நீளம் குறைவாக இருப்பதால் அதன் அடிவிளிம்பு இடுப்புக்கு வராமல் நடுமுதுகிலேயே முடிந்து, அங்கே ஒரு மடிப்பை உண்டாக்குகிறது. மேலே தைத்திருந்த ரெக்சின் உறையைத் துடைத்துச் சுத்தம் செய்வது எளிது என்பது உண்மைதான். ஆனால் திருச்சியின் சித்திரை வெயிலில் அதன்மேல் முதுகு வைத்துப் படுப்பது எப்படியிருக்கும் என்று தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

மெத்தைக் கடையில் நான் சொல்லிச் செய்தது 30 அங்குல நீளம், 24 அங்குல அகலம், தலைப்பக்கம் 7 அங்குல உயரம். சரிவு 13 டிகிரிதான். கடைக்காரர் இதைக் கேட்டு, "இவ்வளவு நீளம் எதுக்குங்க ஐயா, தலைக்குத்தானே?" என்றார். தலைக்கு மட்டும் அன்று என்பதை விளக்கிய பிறகு அவரே நல்ல யோசனை ஒன்றைச் சொன்னார். முழுவதும் மென்மையான பி.யு. ஃபோமில் செய்தால் சில மாதங்களில் தோள் படும் இடம் குழிந்துவிடும் என்றும், அடிப்பகுதியை, ஃபோம் துணுக்குகளை அழுத்தி ஒட்டிய கெட்டியான ரீபாண்டட் ஃபோமில் வெட்டி, மேலே ஓர் அங்குலத்துக்கு மட்டும் மென்மையான ஃபோம் ஒட்டலாம் என்றும் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். மெமரி ஃபோம் வேண்டாம் என்பது என் தேர்வு. அது உடற்சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. எல்லாம் சேர்த்து விலை 2,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. விளம்பரங்களில் வரும் பெயர் பெற்ற தலையணைகளோடு ஒப்பிட்டால் இது மலிவு. பொருளும் உறுதியாகவே இருக்கிறது. பல மாதப் பயன்பாட்டுக்குப் பிறகும் சரிவு குறையவில்லை. அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன்.

பழக்கப்படுவதற்குச் சில இரவுகள் ஆகும். முதலில் இடுப்புக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருப்பதுபோலத் தோன்றும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை ஒன்றை வைத்தால் அந்தக் குறையும் தீரும், கீழே சறுக்குவதும் குறையும். தலைக்குத் தனியாக மிக மெல்லிய தலையணை ஒன்று போதும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது, ஏனெனில் அந்த நிலையில் இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாய் சேரும் வாசலுக்குக் கீழே அமைகிறது. 24 அங்குல அகலத்தில் ஒருக்களிப்பது இயலும், புரள்வதுதான் கடினம். மறுபடி செய்தால் 30 அங்குல அகலம் சொல்வேன். லேப்ராஸ்கோப் செய்துகொண்டவர்களுக்கு முதல் இரண்டு வாரங்களில் இன்னொரு பயனும் உண்டு. மட்டமாகப் படுத்த நிலையிலிருந்து எழும்போது வயிற்றுத் தசை இழுத்து, துளையிட்ட இடங்கள் வலிக்கும். சரிவிலிருந்து எழுவது அந்த அளவுக்கு வலிப்பதில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பு இரவில் என் வாய்க்கு வந்தவை பெரும்பாலும் புளிப்போ கசப்போ இல்லாத, மாலையில் உண்ட சோறும் எச்சில் நுரையும்தான். அவை இரைப்பைக்குப் போகாமலே குழாயில் தேங்கியிருந்தவை. அவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கி இருமலையும் நிமோனியாவையும் கொண்டுவரும் அபாயம் இந்த நோயில் எப்போதும் உண்டு. இப்போது எப்போதாவது வருவது புளித்த நீர். இரண்டின் பிறப்பிடமும் வேறு என்பதால் மருத்துவரிடம் சொல்லும்போது இதைப் பிரித்துச் சொல்வது பயன்படும். தலையணை வந்த பிறகு இரவு இருமல் நின்றுவிட்டது. புளித்த நீர் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இரவு உணவைத் தள்ளிப்போட்ட நாட்களில் தலையணையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்து, மேலே ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரும் குடித்து, சிறிது நடந்துவிட்டுப் படுத்தால்தான் சரிவுக்குப் பலன் தெரிகிறது. அந்த இரவு உணவும் குழைந்த ரசம் சாதம், பாலில் ஊறிய இடியாப்பம், சாம்பாரில் நன்றாக ஊறிய இட்லி என்ற அளவில் இருப்பது உத்தமம். பரோட்டாவை இரவில் தொடாமல் இருப்பதே நல்லது, காரமும் அப்படித்தான். கல்யாண வீட்டு ராத்திரிப் பந்திகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைக்கு இது மாற்று அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்செரிச்சல் இல்லாமலே குழாயில் புண் உண்டாவது இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அடிக்கடி காணப்படுவது. இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதை வைத்து உள்ளே எல்லாம் நலம் என்று முடிவு செய்துவிட முடியாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த பேண்டோபிரசோல் போன்ற மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பாக எடுப்பதும், அவர் சொல்லும் காலத்தில் எண்டோஸ்கோப்பி செய்துகொள்வதும் தனி வேலைகள். நெஞ்சுக்குள் திடீரென்று பிடித்திழுக்கும் வலி சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகும் தொடரும். அதற்கும் இந்தத் தலையணைக்கும் தொடர்பு இல்லை, அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். புதிதாகக் காய்ச்சலோ, கடுமையான நெஞ்சுவலியோ, கழுத்தில் வீக்கமோ சிகிச்சை முடிந்த சில நாட்களில் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தனியாக மரக் கட்டிலில் படுப்பவருக்கு இந்தச் செலவுகூடத் தேவையில்லை. தலைப்பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 6 அங்குல மரக்கட்டைகளைக் குழி வெட்டிப் பொருத்தினால் கட்டில் முழுவதுமே சரிவாகிவிடும். எந்தப் பக்கம் புரண்டாலும் சரிவு மாறாது. செங்கல்லை வெறுமனே அடுக்குவது ஆபத்து, கட்டில் நகர்ந்தால் இறங்கிவிடும். இதில் ஒரே தொல்லை, உடன் படுப்பவரும் சேர்ந்து சாய வேண்டும் என்பதுதான். என் மனைவி ஓரிரவிலேயே மறுத்துவிட்டார். பாயில் படுக்கும் வீட்டில் தலையணையைத் தவிர வேறு வழியில்லை, ரீபாண்டட் அடிப்பகுதி தரையில் வழுக்காமல் நிற்கிறது. ரயிலில் இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வெளியூர் போகும் இரவுகளுக்கு நான் பெட்டியையும் போர்வையையும் வைத்து ஏதோ சமாளிக்கிறேன். காற்றடைக்கும் வகை ஒன்றைக் கடையில் அழுத்திப் பார்த்தேன், தோளின் கனத்துக்கு நடுவில் அமுங்கிவிட்டது.

குறைகளில் முதலாவது எடை. உறை மாற்றுவதற்குத் தூக்கிப் புரட்டுவது, கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும் வாரங்களில் வேறொருவர் செய்ய வேண்டிய வேலை. கடையில் தைத்துக் கொடுத்த உறையின் ஜிப் குறுகிய பக்கத்தில் இருந்ததால் ஃபோமை உள்ளே நுழைப்பது பெரும் போராட்டமாக இருந்தது. தையற்காரரிடம் கொடுத்து நீளப் பக்கத்தில் மாற்றித் தைத்துக்கொண்டேன். ஆர்டர் கொடுக்கும்போதே ஜிப்பை நீளவாக்கில் வைக்கச் சொல்லி, வெளுக்கத் தாங்கும் பருத்தித் துணியில் இரண்டு உறைகள் கேளுங்கள். அதற்குள்ளே ஃபோமை ஒட்டி, தண்ணீர் இறங்காத மெல்லிய உறை ஒன்றும் இருக்கட்டும். இரவில் புளித்த நீர் சிந்தும் நாளில் ஃபோம் நனைந்துவிட்டால் காய வைப்பதற்கு இரண்டு நாள் வெயில் வேண்டும்.