கிறிஸ்டோபர் ரீவ் ஆவணப்படம்: திருப்பிப் படுக்க வைக்கிறவர்களும் பார்க்க வேண்டியது

சூப்பர்மேனாக நடித்து, பிறகு குதிரையில் இருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டோபர் ரீவைப் பற்றியது ‘சூப்பர்/மேன்: த கிறிஸ்டோபர் ரீவ் ஸ்டோரி’ என்ற இந்த ஆவணப்படம். 2024இல் வந்தது, 2025இல் பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதும் வாங்கியது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. இயன் போனோட், பீட்டர் எட்டட்குயி என்ற இரண்டு பேர் சேர்ந்து இயக்கியிருக்கிறார்கள். முதுகுத்தண்டில் அடிபட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற யாராக இருந்தாலும் இதைப் பாருங்கள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாங்கள் தென்காசிப் பக்கம் புளியரைக்காரர்கள். என் அண்ணன் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் ஒரு தோப்பில் தென்னை ஏறும்போது விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. மதினியும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். மூன்று பேரும் சேர்ந்துதான் படத்தைப் பார்த்தோம், அதனால் எங்கள் கண்ணில் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

ரீவ் 1952இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா கவிஞர், பேராசிரியர், மகன் செய்கிற எதிலும் எளிதில் திருப்தி அடையாத மனிதர். சூப்பர்மேன் வேடம் கிடைத்தது என்று மகன் சொன்னதும் பெர்னார்ட் ஷாவின் ‘மேன் அண்ட் சூப்பர்மேன்’ நாடகத்தில்தான் நடிக்கப் போகிறான் என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டாராம், காமிக்ஸ் பறக்கும் மனிதன் என்று தெரிந்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ரீவ் அப்போது ஒல்லியான நாடக நடிகர். ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடரின் உடைக்குள் நின்ற டேவிட் ப்ரோஸ்தான் அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துத் தோளையும் மார்பையும் ஏற்றியவர். 1978இல் வந்த அந்தப் படத்துக்கு ரீவின் சம்பளம் இரண்டரை லட்சம் டாலர், கொஞ்ச நேரமே வந்துபோகிற மார்லன் பிராண்டோவுக்கு 37 லட்சம். ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்தியது ரீவ்தான். கிளார்க் கென்ட்டாகக் கூனி நிற்கிறவர் கண்ணாடியைக் கழற்றி முதுகை நிமிர்த்தி, குரலைக் கீழே இறக்கி சூப்பர்மேனாக மாறுகிற காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் அவர் எவ்வளவு நல்ல நடிகர் என்று புரியும், ஒரு தந்திரக் காட்சியும் அதில் கிடையாது, வெறும் உடம்பும் குரலும்தான். 1987க்குள் நாலு சூப்பர்மேன் படங்கள், நாலாவது படுதோல்வி. இடையில் வேறு மாதிரிப் படங்களையும் நாடகங்களையும் விடாமல் தேடிப் போயிருக்கிறார், 1993இல் ‘ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’யில் சின்ன வேடம்தான், மனசில் நிற்கிறது. சினிமா பகுதியைப் படம் வேகமாகத்தான் கடக்கிறது. ரசிகர்களுக்கு அது குறையாக இருக்கலாம், எனக்கு இல்லை.

1995 மே 27, வர்ஜீனியாவில் குல்பெப்பர் என்ற ஊரில் குதிரைப் போட்டி. மூன்றாவது தடையைத் தாண்டாமல் குதிரை சட்டென்று நின்றுவிட்டது. கை கடிவாளத்தில் சிக்கிக்கொண்டதால் ஊன்ற முடியாமல் தலைகுப்புற விழுந்தார். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் முறிந்துபோயின. அப்போது வயது 42. ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை, அடி எவ்வளவு மேலே படுகிறதோ அவ்வளவு இழப்பு. நடு முதுகுக்குக் கீழே அடிபட்டால் கால் போகும், சிறுநீர், மலம் கட்டுப்பாடு போகும், கை தப்பிக்கும். கழுத்தின் அடிப்பக்கம் என்றால் கையும் போகும். முதல் இரண்டு எலும்பு என்றால் மூச்சும் போகும், மெஷின்தான் மூச்சு விட வேண்டும். மண்டையோட்டையும் முதுகெலும்பையும் டாக்டர்கள் மறுபடி சேர்த்துப் பொருத்த வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அண்ணன், “மூச்சுக்கும் மெஷினா? எனக்குக் கையாவது இருக்குடே” என்றார்.

கண் விழித்த ரீவ் மனைவி டேனாவிடம், என்னைப் போக விட்டுவிடலாம் என்கிறார். முடிவு உன்னுடையது, எதுவானாலும் கடைசி வரைக்கும் கூட இருப்பேன், நீ இன்னும் நீதான், உன்னை நேசிக்கிறேன் என்று டேனா பதில் சொல்கிறார். அமெரிக்காவில் பலருக்கும் தெரிந்த வார்த்தைகள் இவை. சொல்வது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம், ஆனால் மதினி அங்கே நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசியது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. “அந்தப் பிள்ளை சொல்லிட்டா. சொல்லிட்டு ஒவ்வொரு ராத்திரியும் எந்திரிக்கணும்லா.” இந்தப் படம் அந்த ராத்திரிகளுக்குள் போகிறது, அதற்காகத்தான் இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எடுத்த வீடியோக்கள் நிறைய வருகின்றன. பாட்டுக் கச்சேரியும் நாடகமுமாக இருந்த டேனா, மூன்று வயதுகூட ஆகாத பையனை வைத்துக்கொண்டு, மூச்சு மெஷின் சத்தத்துக்கு நடுவில் வீட்டை நடத்துகிறார். நடுநடுவே அவர் முகத்தைப் பாருங்கள், சிரிக்கிற முகம்தான், ஆனால் தூக்கம் இல்லாத கண் எப்படி இருக்கும் என்று இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

ரீவுடைய சொந்த வாழ்க்கையைப் படம் மூடி மறைக்கவில்லை, அதையும் பாராட்ட வேண்டும். டேனாவுக்கு முன்பு லண்டனில் கே எக்ஸ்டன் என்பவரோடு வாழ்ந்தார், மேத்யூ, அலெக்ஸாண்ட்ரா என்று இரண்டு பிள்ளைகள், கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. சொந்த அப்பா அம்மாவின் பிரிவைப் பார்த்து வளர்ந்த பயம். 1987இல் பிரிந்து அமெரிக்கா போய்விட்டார், பிள்ளைகள் லண்டனில். அதே வருஷம்தான் டேனாவைச் சந்திக்கிறார், 1992இல் கல்யாணம், மகன் வில் பிறந்ததும் அந்த வருஷம்தான். விபத்துக்குப் பிறகு மூன்று பிள்ளைகளும் ஒரே குடும்பமாகச் சேர்கிறார்கள், அதற்குக் கே எக்ஸ்டனும் டேனாவும் ஒருவர் மேல் ஒருவர் மரியாதை வைத்திருந்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பெல்லாம் அப்பாவோடு இருப்பது என்றால் படகு, பனிச்சறுக்கு, விமானம் என்று ஓடிக்கொண்டே இருப்பது (அவர் தனியாக அட்லாண்டிக்கை இரண்டு முறை விமானத்தில் கடந்தவர்), பிறகுதான் உட்கார்ந்து பேசவே தொடங்கினார்கள். பிள்ளைகள் மூவரும் பெரியவர்களாகிப் பேசுகிறார்கள், ஒருவர்கூட அப்பாவைச் சாமியாக்கவில்லை.

நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் வருகிற இடத்தைச் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது ரஷ்ய டாக்டர் வேஷத்தில் அறைக்குள் புகுந்து, ஆசனவாய் சோதிக்க வேண்டும் என்று தாறுமாறாகப் பேசுகிறார், அடிபட்ட பிறகு ரீவ் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் ஒன்றாக நடிப்புப் படித்த நட்பு அது. கிறிஸ் உயிரோடு இருந்திருந்தால் ராபினும் இன்று உயிரோடு இருந்திருப்பார் என்று நடிகை க்ளென் க்ளோஸ் சொல்லும்போது அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடிபட்டதும் முதல் ஆறு மாதம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கூட்டாளிகள் பிறகு எங்கே போனார்கள் என்று இந்த நிலைமையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

அப்புறம் ஒரு பெரிய விவாதம். ரீவ் திரும்ப நடப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார், கருவில் இருந்து எடுக்கிற ஸ்டெம் செல் (வேறு வேறு உறுப்பாக வளரக்கூடிய உயிரணு) ஆராய்ச்சிக்கு வாதாடினார். 2000இல் ஒரு விளம்பரத்தில் கம்ப்யூட்டர் வேலையால் அவர் எழுந்து நடப்பதாகக் காட்டினார்கள், அதைப் பார்த்துவிட்டு அவருக்குக் குணமாகிவிட்டதா, எங்கே வைத்தியம் என்று கேட்டுப் பலர் போன் செய்தார்கள். சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்கள் கோபப்பட்டார்கள். எங்கள் வாழ்க்கை என்ன குறைபட்டதா, சாய்வுப்பாதையும் வேலையும் உதவியாளரும் கேட்கிறோம், நீங்கள் நடப்பதை மட்டும் பேசுகிறீர்களே என்று. படம் இதைத் தட்டிக்கழிக்காமல் வைத்திருக்கிறது. டேனாவால்தான் இன்றைய பராமரிப்பு, வாழ்க்கைத்தரம் எல்லாம் ரீவின் அறக்கட்டளைக்குள் வந்தது, 2002இல் உடல் செயலிழப்போடு வாழ்கிறவர்களுக்கான உதவி மையம் தொடங்கியது. மருத்துவக் காப்பீடு ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கத் தருகிற தொகையின் வரம்பை 10 லட்சம் டாலரில் இருந்து ஒரு கோடியாக்கச் சொல்லி ரீவும் போராடினார்.

எனக்கு இதில் தெளிவான கட்சி உண்டு. எங்கள் ஊரில் இருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஆய்க்குடி. அங்கே ராமகிருஷ்ணன், கல்லூரி மாணவராக 1975இல் கடற்படைக்கு ஆள் எடுக்கும் சோதனையின்போது கீழே விழுந்து அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2020இல் பத்மஸ்ரீ. ரீவ் குதிரையில் இருந்து விழுவதற்கு ரொம்ப வருஷம் முன்பே, ஹாலிவுட் காசு எதுவும் இல்லாமல், தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் அடிபட்டவர்களை நாற்காலியில் உட்காரவைத்து வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நடக்கிற ஆசை யாருக்கும் தப்பில்லை, அண்ணனுக்கும் இருக்கிறது. ஆனால் அந்த ஆசைக்காகக் காத்திருக்கிற நாட்களில் உடம்பைக் காப்பாற்றி வைக்க வேண்டும்.

படத்தில் எனக்குப் போதாமல் போன இடமும் அதுதான். 2004 அக்டோபரில் ரீவ் இறந்தபோது படுக்கைப்புண்ணில் சீழ் வைத்துச் சிகிச்சையில் இருந்தார். முந்தின நாள் பையனின் ஹாக்கி ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார், அன்று இரவே இதயம் நின்றது, நினைவு திரும்பவில்லை, 52 வயது. சுற்றிலும் நர்ஸ்கள், உயர்ந்த மெத்தை, உலகத்தின் நல்ல டாக்டர்கள் இருந்த மனிதருக்கே புண் வந்தது என்றால் நம் வீடுகளில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! உணர்வு இல்லாத தோல் வலிக்காது, அழுத்தம் பட்ட இடத்தில் ரத்தம் ஓடாமல் உள்ளே அழுகிவிடும், வெளியே சிவந்த அல்லது கறுத்த இடமாகத்தான் முதலில் தெரியும். படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும், நாற்காலியில் அடிக்கடி கையை ஊன்றி எழும்ப வேண்டும், வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை, வால் எலும்புப் புண்ணோடுதான் வீட்டுக்கு வந்தார், ஆறுவதற்குள் குடும்பமே உருக்குலைந்து போனது. ஆரியங்காவிலேயே குடியிருக்கும் நம் ஆட்களின் வீடுகளுக்கு அங்கத்திய பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் (வீட்டோடு கிடக்கிற நோயாளிகளைப் பார்க்கிற) நர்ஸ் வந்து சிறுநீர் டியூப் மாற்றிப் புண்ணையும் பார்க்கிறார், இந்தப் பக்கம் மக்களைத் தேடி மருத்துவத்தில் கேட்டால் பிசியோதெரபிக்கு ஆள் வருவார்கள். கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குறை, வெடித்துச் சிதறும் பெரிய சூப்பர்மேன் சிலை ஒன்று கிராஃபிக்ஸில் அடிக்கடி வருகிறது, இசையும் அங்கே ஓங்குகிறது, அது தேவையே இல்லை. அந்த நேரத்தை ரீவைத் தூக்கி உட்காரவைத்த உதவியாளர்களுக்குக் கொடுத்திருக்கலாம், அவர்கள் வாயால் இன்னும் கேட்டிருக்க வேண்டும். ரீவ் இறந்து ஒன்றரை வருஷத்துக்குள், 2006 மார்ச்சில், டேனாவும் போய்விடுகிறார், நுரையீரல் புற்றுநோய், புகைபிடிக்காதவர், 44 வயது. வில்லுக்கு அப்போது 13. அந்தப் பகுதியை இசையைக் குறைத்து, அவசரப்படாமல் காட்டியிருப்பது சரி.

பார்ப்பவர்களுக்கு: நாங்கள் பார்த்தது ஆங்கிலத்தில், கீழே ஆங்கில எழுத்தோடு. பேச்சு வேகமாகப் போகிறது, அதனால் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் வீட்டில் எல்லோரும் பின்தொடரலாம். அடிபட்டு இன்னும் சில மாதம்கூட ஆகாதவருக்கு நேராகப் போட்டுக் காட்ட வேண்டாம், ஆஸ்பத்திரிக் காட்சிகள் கடுமையானவை, முதலில் பார்த்துக்கொள்கிறவர்கள் பார்த்துவிட்டு, அவர் கேட்கும்போது காட்டுங்கள். இரண்டு உட்காரலாகப் பார்ப்பது நல்லது, நடுவில் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் எப்படியும் வந்துவிடும்.