சிமென்ட் முற்றத்துக்குக் காகிதப்பூவா, கிளைவியாவா?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கமெல்லாம் வீட்டு முன்னால் இருந்த கொஞ்சநஞ்ச மண்ணையும் பேவிங் போட்டு மூடிவிட்டு, அப்புறம் 'வெறிச்சோடிக் கிடக்கிறதே, நாலு தொட்டி வைக்கலாமா' என்று யோசிக்கிறவர்கள் நிறைய. நர்சரிக்குப் போனால் காகிதப்பூதான் முதலில் கையைப் பிடித்து இழுக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் முற்றத்தில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள், முக்கியமாக ஜூன் மாதத்தில்.

தமிழ்நாட்டுத் தோட்டக் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே தொட்டி வைத்தால் திசை மாறிப்போகும். டர்பனில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது. ஜூன் நண்பகலில் அது 37 டிகிரி உயரத்தைத் தாண்டாது. முற்றத்தின் வடக்கில் 2 மீட்டர் மதில் இருந்தால் நிழல் இரண்டரை மீட்டருக்கு மேல் நீளும், சின்ன முற்றத்தில் பாதிக்கு மேல் போச்சு. டிசம்பரிலோ கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நின்று தரையைத் தோசைக்கல்லாக்கிவிடும்.

காகிதப்பூவுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், குறைந்தால் முள்ளும் இலையும்தான் மிச்சம். மழை குறைந்த மாதங்களில்தான் அது நன்றாகப் பூக்கும், அந்தச் சமயத்தில்தான் மதில் நிழலும் மேலே விழுகிறது. தெற்கு ஓரத்தில், வடக்கைப் பார்த்த சுவர் உங்களிடம் இருந்தால் சரி, அதற்கு ஈடு கிடையாது. தண்ணீரைக் கொஞ்சம் காயவிட்டே ஊற்றுங்கள், பூ அதிகமாகும். ஆனால் துணி காயப்போடும் குறுகிய வழியில் வைத்தால் முள் சேலையைப் பிடிக்கும், உதிர்ந்ததெல்லாம் வடிகாலில் போய் அடைக்கும்.

நிழல் முற்றத்துக்கு என் ஓட்டு கிளைவியாவுக்கு. இந்த மாகாணத்துக் காட்டு மரங்களின் அடியில் வளரும் செடி, இங்கத்திய காற்றின் ஈரம் அதற்குப் பழகினது. கரும்பச்சை இலை வருடம் முழுக்க நிற்கும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆரஞ்சுக் கொத்து. மஞ்சள் வகையும் உண்டு, விலை கூட. இருட்டான மூலைக்கு அதுதான் எடுப்பு. தடித்த வெள்ளை வேர்கள் தொட்டியை அடைத்துக்கொண்டு செடியையே மேலே தள்ளும், பயந்து பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள், நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீரை வெகுவாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூத்தண்டு நீளாமல் இலைகளுக்கு நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். டிசம்பர் உச்சிவெயில் பட்டால் இலை வெளுத்துக் கருகும், ஆகவே வராந்தா கூரையின் ஓரம்தான் இடம்.

இதற்கும் ஒரு எதிரி உண்டு. இலை நுனியில் மெல்லிய தாள் மாதிரி ஒரு பழுப்புத் திட்டு தெரிந்தால் தூக்கிப் பாருங்கள், உள்ளே கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை போட்ட புழுக்கள் கூட்டமாக இருக்கும். நுனியில் ஆரம்பித்துக் குருத்து வரை குடைந்துவிடும். அன்றைக்கே கையால் பொறுக்கிப் போட்டால் செடி பிழைக்கும். இலை, வேர், பழம் எல்லாம் விஷம், வாயில் எதையும் போடும் குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்பவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள், நாட்டு மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே அங்கே குறைந்துகொண்டு வருகிறது.

பூவே வேண்டாம், நிறம் போதும் என்றால் குரோட்டன்ஸ். பாதி வெயிலிலும் நிறம் தரும், பனி விழாத கடலோரத்தில் வருடம் முழுக்க அப்படியே நிற்கும். ஒடித்தால் வரும் பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும். ஜெரேனியம் இந்த நாட்டுச் செடிதான் என்றாலும் டர்பன் கோடையின் புழுக்கத்தில் இலையில் துருநோய் வந்து தண்டும் அழுகும். நான் வாங்க மாட்டேன். காவடிக்குப் பூ வேண்டுமென்று செவ்வந்தி போடுகிறவர்கள் போடட்டும், வெயில் மூலை இருந்தால் போதும், சீசன் முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டியதுதான்.

எதை வைத்தாலும் தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் துண்டு கொடுங்கள், கோடை மழையில் துளை அடைபடாது, சூடும் நேரே வேருக்கு ஏறாது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைத் தவிருங்கள். தட்டு வைப்பதாக இருந்தால் தேங்கின தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கொசு நமக்குத்தான்.