ஜம்ப் கியூவும் நானும்: இரண்டு ஆண்டுக் கணக்கு

பூல் மேசையில் முதன்முதலாக வெள்ளைப் பந்தை இன்னொரு பந்துக்கு மேலே தாண்ட வைத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரே ஆடிக்கொண்டிருந்த மூத்த ஆட்டக்காரர் மட்டும் மெதுவாகத் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் பறந்துச்சு தம்பி. ஆனா அது ஷாட்டே இல்ல, கரண்டியால அள்ளிப் போட்டுட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நான் பந்தின் அடியில், மேசைத் துணியை ஒட்டிக் கியூவை, அதாவது ஆட்டக் கோலை, நுழைத்திருந்தேன். கியூவின் நுனியான டிப் வழுக்கிக்கொண்டு உள்ளே போக, அதை ஒட்டியுள்ள ஃபெரூல் எனும் வளையமும் தண்டும் பந்தைத் தூக்கிவிட்டன. பார்க்க ஜம்ப் போலவே இருக்கும். விதிப்படி அது மிஸ்கியூ, அதாவது டிப் வழுக்கிய அடி, கணக்கில் வரும்; வேண்டுமென்றே செய்தால் விளையாட்டுப் பண்புக்கு மாறான செயல். சட்டப்படியான ஜம்ப்புக்கு வழி நேர் எதிர்: கியூவின் பின்பக்கத்தை உயர்த்திப் பந்தை மேலிருந்து கீழ்நோக்கி அடிக்க வேண்டும். துணிக்கு அடியில் தடிமனான ஸ்லேட் கல் இருக்கிறது. பந்து அதில் மோதி எழும்பும். ஆக, பந்தைத் தூக்குவது கல்தான், நாம் இல்லை. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏற எனக்கு நான்கு மாதம் ஆனது.

அந்த நான்கு மாதமும் வழக்கமான முழுநீளக் கியூவிலேயே முயன்றேன். முடியாது என்றில்லை, ஆனால் 58 அங்குலக் கியூவை உயர்த்திப் பிடித்தால் கை காதுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் எடை. கனமான கியூ அடித்த பிறகும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். எழும்ப வருகிற பந்து அதிலேயே முட்டிச் செத்துவிடும். அப்புறம்தான் தனி ஜம்ப் கியூ ஒன்றை வாங்கினேன். உலக பூல் விதிகளில் கியூவின் நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெரும்பாலான ஜம்ப் கியூக்கள் அந்த எல்லையை ஒட்டியே செய்யப்படுகின்றன. என்னுடையதும் அப்படித்தான். எடை என் ஆட்டக் கியூவில் ஏறக்குறைய பாதி. டிப் தோல் அல்ல, ஃபினாலிக் எனும் கெட்டியான பிசின். கெட்டியான டிப் பந்தை அடித்தவுடன் விலகிவிடும், இலேசான தண்டும் கூடவே பின்வாங்கிவிடும். பந்து எழும்ப வழி கிடைக்கும்.

முதல் நாளே பந்து தாண்டியது. வெட்கமாக இருந்தது என்று கூடச் சொல்லலாம். நான்கு மாதம் நான் பட்ட பாட்டைக் கருவி நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டது.

ஆனால் பழைய பழக்கம் போகவில்லை. கியூவை 45 பாகை உயர்த்தியும், கண் மட்டும் மேசை மட்டத்தில் தெரியும் நடுப்புள்ளியையே தேடியது. குறி வைக்க வேண்டியது கியூவின் கோட்டிலேயே பார்த்தால் தெரியும் நடுவை. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அது பந்தின் மேல்பாதியில் படுவதாகத் தெரியும். இதைச் சரிசெய்ய நான் செய்தது ஒன்றே ஒன்று: தடைப் பந்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டிப்பில் தேய்க்கும் சாக் கட்டி ஒன்றை வைத்தேன். பந்தின் உயரம் 57 மில்லிமீட்டர், சாக் கட்டி அதில் பாதிகூட இல்லை. மனதில் பயம் இல்லாததால் கை முரட்டுத்தனம் பண்ணவில்லை. சாக்கைத் தாண்டப் பழகிய கை, பிறகு பந்தைப் பார்த்துப் பதறவில்லை.

பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறுகப் பிடித்தால் இலேசான கியூ வாங்கியதற்கே பொருளில்லை, கையின் எடையும் அதோடு சேர்ந்துவிடுகிறது. இரண்டு விரலும் கட்டைவிரலும் போதும். பலம் வேண்டாம், மணிக்கட்டின் ஒரு சுண்டு வேண்டும். சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்: சரியாக அடித்தால் சுருக்கமாக 'டக்'. அள்ளினால் துணியில் உரசும் 'சர்க்'. இப்போது பக்கத்து மேசையில் யாராவது ஜம்ப் அடித்தால் பார்க்காமலே சொல்லிவிடுவேன். உபயோகமில்லாத திறமைதான்.

தடைப் பந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் வழக்கமான நிலையிலேயே தாண்டிவிடலாம். நான்கு விரல் இடைவெளிதான் என்றால் கியூவை இன்னும் செங்குத்தாக்க வேண்டும். அங்கே டார்ட் எறிவது போல முழங்கையை உயர்த்தி, கியூவை முகத்துக்கு முன்னால் பிடித்து அடிக்கிறார்கள். ஓராண்டு முயன்றும் எனக்கு அது பாதிதான் வந்திருக்கிறது. பாதை முழுதாக மறைந்திருக்கிறதா, ஓரம் மட்டும் இடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பந்தின் ஓரம் உருண்டை என்பதால், ஓரம் மட்டும் இடிக்கும்போது முழு உயரம் தேவையில்லை. தொடக்கத்தில் இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் வானத்தைப் பார்த்து அடித்தேன்.

ஆறாவது மாதத்தில்தான் உண்மையான பிரச்சினை புரிந்தது. தாண்டுவது கால் பங்கு வேலை, இறங்குவது முக்கால் பங்கு. வெள்ளைப் பந்து விழுந்தவுடன் உருளாது, சின்னச் சின்னதாகத் துள்ளிக்கொண்டே போகும். துள்ளலின் நடுவில், நாம் அடிக்க நினைத்த குறிப் பந்தில் பட்டால் அதன் மேல்பகுதியில் இடிக்கும். கணக்குப் போட்ட கோணத்தைவிட மெல்லியதாகப் பட்டு, குறிப் பந்து அதிகமாக விலகிப் போகும். இன்னும் உயரத்தில் பட்டால் வெள்ளைப் பந்து மேசையை விட்டே குதித்து ஓடும். அது ஃபவுல், நைன்பால் எனும் பூல் ஆட்டத்தில் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். என் பந்து ஒருமுறை பக்கத்து மேசைக்குக் கீழே போனது. அதைத் தேடிக் குனிந்து எடுத்து வரும் தூரம் ரொம்ப நீளமாக இருந்தது.

இன்றைய என் நிலவரம்: பத்து அடித்தால் ஏழெட்டு தாண்டும், ஐந்து குறிப் பந்தில் படும், குழியில் விழுவது இரண்டோ மூன்றோ. அதனால் மறைப்பில் மாட்டினால் முதலில் மேசை ஓரத்துக் குஷனில் பட்டுத் திரும்பும் கிக் ஷாட்டைத்தான் பார்க்கிறேன். பாதை தெளிவாக இருந்து, குறிப் பந்து போதுமான தூரத்தில் இருந்தால் மட்டும் ஜம்ப் கியூவை எடுக்கிறேன். வாங்கிய புதிதில் கிக் எளிதாக இருந்தபோதும் இதையே எடுத்து, தேவையில்லாமல் பல ஆட்டங்களைத் தோற்றிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. துணியில் வெள்ளைப் புள்ளிகள் விழும்; பயிற்சியின்போது வெள்ளைப் பந்துக்கு அடியில் பழைய துணித் துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்வேன். அதற்கு முன் ஒரே மாலையில் நான் போட்ட புள்ளிகளைப் பார்த்துவிட்டு, நான் ஆடும் இடத்தின் பொறுப்பாளர் ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கோபம் நியாயமானதே. ஜம்ப்பையே அனுமதிக்காத கூடங்களும் உண்டு, கேட்டுவிட்டு அடிப்பது நல்லது. ஸ்னூக்கர் மேசையில் இந்தக் கியூவுக்கு வேலையே இல்லை, அங்கே ஜம்ப் ஷாட் என்றாலே ஃபவுல்.

இரண்டு ஆண்டில் கியூவின் டிப் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. ஃபெரூலில் மட்டும் மெல்லிய நீலக் கறை ஒன்று இருக்கிறது, துடைத்தாலும் போகவில்லை. அது அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த காலத்து அடையாளம்.