பார்பிக்யூ உணவகம்: பழைய மில் கட்டடமா, புது இரும்பு ஷெட்டா?

கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் பழைய ஆலையின் தோற்றத்தோடு பார்பிக்யூ உணவகம் போட நினைத்தால் இரண்டு வழி. மூடிக் கிடக்கும் பஞ்சாலைக் கட்டடத்தை வாடகைக்குப் பிடிக்கலாம். இல்லை, காலி இடத்தில் இரும்பு ஷெட் போட்டு, பழைய ஆலைகளின் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), ஷாஃப்ட்டெல்லாம் வாங்கி அலங்காரமாக மாட்டலாம்.

அழகைப் பார்த்தால் மில்தான். 1888-ல் ஸ்டேன்ஸ் பஞ்சாலை தொடங்கிய ஊர் கோயமுத்தூர். 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ரம்பப் பல் மாதிரி நிற்கும் கூரையின் வடக்குக் கண்ணாடி வழியே பகல் முழுக்க மெத்தென்ற வெளிச்சம் இறங்கும். ஷெட் கூரையில் பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு) பதித்தால் வெளிச்சத்தோடு வெயிலும் தலையில் இறங்கும். தகரத்துக்கு அடியில் சூட்டைத் தடுக்க 50 மி.மீ. ராக்வுல் (பாறைப் பஞ்சு) கொடுக்காமல் சித்திரையில் உட்கார முடியாது.

மில் சுவரைக் கெடுப்பது சிமெண்ட். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல்மேல் அதைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தாலோ, சூளையில் வெந்த மேல்தோலே போய்விடும். நைலான் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். உதிர்ந்த இணைப்புகளைச் சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று என்ற கலவையால் அடைக்கவும்.

நெருப்பு என்று வந்தால் ஷெட்தான் ஜெயிக்கும். மில்லின் மர உத்தர இடுக்குகளில் வருடக்கணக்கான பஞ்சுத் தூசு அடைந்திருக்கும். கொழுப்புப் படிந்த புகைக்குழாயில் ஒரு பொறி போதும். குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே 18 அங்குலமாவது இடைவெளி வேண்டும்; விறகு, கரி அடுப்புக்குத் தனி ஹூட் (மேலே புகை பிடிக்கும் கூடு), தனிக் குழாய், பொறி தடுக்கும் வலை. பழைய கூரையை வெட்டாமல் இத்தனையும் அடங்காது.

ஆகவே எங்கள் தேர்வு: சாப்பாட்டுக் கூடம் மில்லில், நெருப்பு தனிச் சின்ன ஷெட்டில். அதைக் கட்டடத்துக்குக் கிழக்கே தள்ளிப் போடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மேற்கே வைத்தால் புகை முழுக்கச் சாப்பிடுகிறவர் முகத்தில்தான். கிழக்கே அடுத்த வீடு எவ்வளவு தூரம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்பின் உள்வரிசைக்குத் தீச்செங்கல்லும் தீக்களிமண்ணும். சிமெண்ட் சூட்டில் பொடிந்துவிடும். மூடி 3 மி.மீ. தகடானால் நெளிந்து புகை கசியும், 6 மி.மீ. போடுங்கள். கிரில்லுக்குக் காங்கேயம் தொட்டிக்கரி (கொட்டாங்குச்சிக் கரி) சீராக எரியும். சீமைக்கருவேல் விறகு அமெரிக்க மெஸ்கீட்டின் இனம்தான், வாசம் காரமானது. ஈரம் காயாமல் போட்டால் கறி கசக்கும். பிளந்து அடுக்க, மழை படாத ஒரு சாய்ப்பையும் அந்த ஷெட்டோடு சேர்த்தே இறக்கிவிடுங்கள்.