வீடியோ அழைப்பில் பாலூட்டல் ஆலோசனை: மூன்று அமர்வுகள் முடிந்தபின்

குழந்தை பிறந்த ஐந்தாவது வாரத்தில் பாலூட்டல் ஆலோசகர் ஒருவரிடம் வீடியோ அழைப்பில் ஆலோசனை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். மூன்று அமர்வுகள் முடிந்திருக்கின்றன. பால் பற்றவில்லையோ என்ற சந்தேகத்தில்தான் போனேன், கிடைத்த உதவி வேறு மாதிரி இருந்தது. என்னைப் போல் தவிக்கிற யாருக்காவது பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை மார்பைப் பிடித்து உறிஞ்ச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், பால் இறங்குவதற்குச் சற்று முன்னால், அடிவயிறு கலங்கும், நெஞ்சு கனத்துப்போகும், ஏதோ பெரிய கெட்டது நடக்கப்போகிறது என்று தோன்றும், காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அது போய்விடும். அடுத்த முறை பால் கொடுக்கும்போது திரும்ப வரும். ஒரு நாளைக்குப் பத்து முறை பால் கொடுத்தால் பத்து முறையும் வரும். குழந்தை அழுதாலே 'ஐயோ, மறுபடியுமா' என்று ஆகிவிட்டது, பெற்ற பிள்ளையின் அழுகையைக் கேட்டு இப்படிப் பயப்படுகிறேனே என்ற குற்ற உணர்ச்சி அதற்கு மேல்.

அது போக நாள் முழுக்க வேறொரு கவலை. போனில் ஒரு செயலியைப் போட்டு வைத்திருந்தேன், இடது பக்கம் எத்தனை நிமிடம், வலது பக்கம் எத்தனை நிமிடம் என்று குறிப்பதற்கு. நேற்றைவிட நாலு நிமிடம் குறைந்தாலும் தூக்கம் போய்விடும். ஒரு நாள் பம்ப் செய்து பார்த்தேன், 30 மில்லிதான் வந்தது, அன்று முழுக்க அழுதேன். பயந்தால் பால் வற்றிவிடும் என்று பிரசவம் பார்த்த இடத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பயப்படுகிறோமே என்று நினைத்தே பயம் கூடிக்கொண்டு போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சரி, அமர்வுக்கு வருகிறேன். முதல் அமர்வு 50 நிமிடம். குழந்தைக்குப் பசிக்கிற நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், போனைத் தலையணை உயரத்தில் பக்கவாட்டில் சாய்த்து வைக்கச் சொன்னார்கள். பத்து நிமிடம் அந்த ஆலோசகர் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வியே, "பால் இறங்குறப்ப உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்பதுதான். அதுவரை எல்லோரும் குழந்தை குடிக்கிறதா, எவ்வளவு குடிக்கிறது என்றுதான் கேட்டிருந்தார்கள். நான் பதில் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றார். சுருக்கமாக டி-மெர் என்று சொல்கிறார்கள், பால் இறங்கும் நேரத்தில் மட்டும் சட்டென்று வந்து போகிற சோர்வு அல்லது பதற்றம். ஆலியா மக்ரினா ஹைஸ் என்கிற பாலூட்டல் ஆலோசகர் தனக்கே இது வந்ததை வைத்து இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாராம், 2011-இல் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரையும் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். பால் சுரக்க புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏற வேண்டும், அது ஏற வேண்டுமானால் அதை அடக்கி வைத்திருக்கிற டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் இறங்க வேண்டும், சில பெண்களுக்கு அந்த இறக்கம் மிகச் சட்டென்று நடப்பதால் மனம் அப்படிக் கவிழ்கிறது என்று கருதுகிறார்கள். குழந்தை மேல் பாசம் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று என் ஆலோசகர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு அந்த இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது.

ஆனால் அதோடு விட்டுவிடவில்லை, இந்தச் சேவையில் எனக்கு மிகவும் மதிப்பு வந்தது இங்கேதான். இரண்டு நிமிடத்தில் வந்து போவது ஒன்று, நாள் முழுக்கத் தங்கியிருக்கிற கவலை இன்னொன்று, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று பிரித்துக் காட்டினார். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று 1987-இல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது, கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று பத்து கேள்விகள். அதை என்னோடு சேர்ந்தே போட்டுப் பார்த்தார். கடைசிக் கேள்வி உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது. அதையும் தயங்காமல், என் முகத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். மதிப்பெண் கூடுதலாக வந்ததும், "இது நான் சரி பண்ற விஷயம் இல்லைம்மா, டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி, என்ன பார்த்தோம் என்று ஒரு பக்கக் குறிப்பும் எழுதிக் கொடுத்தார். அதை மருத்துவரிடம் காட்டினேன், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டியிருக்கவில்லை. பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற செர்ட்ராலின் மாதிரியானவை பாலில் மிகச் சிறிய அளவுதான் கலக்கும் என்று விளக்கினார்கள். எனக்கு இப்போதைக்கு மனநல ஆலோசனை போதும் என்று முடிவானது.

பால் அளவு பற்றியும் பேசினோம், அது சீக்கிரம் முடிந்துவிட்டது. ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறை நன்றாகச் சிறுநீர் போகிறதா, எடை ஒழுங்காக ஏறுகிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும் என்றார். என் குழந்தையின் எடைக் குறிப்பைப் பார்த்துவிட்டு நன்றாகவே ஏறியிருக்கிறது என்றார். பம்பில் வருவதை வைத்துச் சுரப்பை அளக்க முடியாதாம், குழந்தை உறிஞ்சுகிற மாதிரி இயந்திரம் உறிஞ்சாது. பயத்தால் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகலாம், அதற்காக வற்றிவிடாது. நிமிடக் கணக்குச் செயலியை அன்றே அழித்துவிட்டேன்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு அவர் சொல்லிக் கொடுத்தவை சின்னச் சின்ன விஷயங்கள். உட்காரும் முன் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, பாதம் இரண்டும் தரையில் பதிய உட்காருவது, அந்தக் கலக்கம் அலை மாதிரி வரும்போது மூச்சை நீளமாக வெளியே விடுவது, கடிகாரத்தைப் பார்ப்பது. போய்விடும் என்று பொய் வாக்குக் கொடுக்கவில்லை. சிலருக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்குப் பால் மறக்கடிக்கும் வரை இருக்கும் என்று உள்ளதைச் சொன்னார். கணவரையும் அழைத்து உட்காரவைத்து, "அந்த ரெண்டு நிமிஷம் அவங்ககிட்ட எதுவும் கேக்காதீங்க, பக்கத்துல இருங்க, போதும்" என்றார். அதற்கப்புறம் கணவர் அப்படியேதான் இருக்கிறார். பவுடர் பால் கொடுக்க வேண்டி வந்தாலும் அது தோல்வி இல்லை என்றும் ஆலோசகர் தானாகவே சொன்னார், நான் கேட்கத் தயங்கிய கேள்வி அது.

குறைகளும் உண்டு. இரண்டாவது அமர்வு 20 நிமிடம் தாமதமாக ஆரம்பித்தது, அதற்குள் குழந்தை தூங்கிவிட்டது, பால் கொடுப்பதைக் காட்டவே முடியவில்லை. அந்த நேரத்தை ஈடு செய்யவும் இல்லை. இரவில் அனுப்பும் செய்திக்குக் காலையில்தான் பதில் வரும். இரவுதான் மோசமாக இருக்கும் ஒருவருக்கு இது சின்னக் குறை இல்லை, சேர்வதற்கு முன்பே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், வீடியோவில் எல்லாம் தெரியாது. மார்பு சிவந்து கல் மாதிரியாகிக் காய்ச்சலும் வந்தால் இதற்காகக் காத்திருக்காமல் நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இப்படி ஒரு சேவையைத் தேடுகிறவர்கள், ஆலோசகருக்கு ஐபிசிஎல்சி சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், 1985 முதல் தேர்வு வைத்துக் கொடுக்கிற சர்வதேசச் சான்றிதழ் அது. தாயின் மனநிலையையும் கேட்பீர்களா என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஒருவரைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

எனக்கு இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. அலை இன்னும் வருகிறது, முன்பு மாதிரி என்னைச் சாய்த்துவிடுவதில்லை. வேலைக்குத் திரும்புவதற்கு முன் நான்காவது அமர்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். பம்ப் செய்யும்போதும் அதே கலக்கம் வருகிறது, அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து அதை எப்படிக் கடப்பது என்று அவரிடம் கேட்க வேண்டும்.