பார்ஷியல் டம்ப்: ஒரு பழைய கடுப்பு

முன்பு கூட வேலை பார்த்தவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "இத்தனை வருஷமா இசட்/ஓஎஸ் டம்ப்போட மல்லுக்கட்டுறீங்களே, அது நல்லதா, கெட்டதா?" ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. இசட்/ஓஎஸ் என்பது ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இயங்குதளம்; டம்ப் என்பது ஏதாவது விழும்போது, காரணம் தேடுவதற்காக மெமரியில் இருந்ததை அப்படியே எடுத்துவைக்கும் நகல்.

சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும் எஸ்விசி டம்ப் வேலை செய்யும் விதம் எனக்கு இன்னும் அழகாகத்தான் படுகிறது. ஏதோ ஒன்று எஸ்0சி4 (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) என்று விழுந்ததும், டம்ப்சர்வ் என்ற தனி அட்ரஸ் ஸ்பேஸ் (ஒரு வேலை தனக்கென்று வைத்து ஓடும் மெமரி வெளி) டிஸ்க் பக்கமே போகாமல் முதலில் மெமரியிலிருந்து மெமரிக்கே நகல் எடுத்துக்கொள்கிறது. எல்லோருக்கும் பொதுவான மெமரியை எடுக்கும் நேரம் மட்டும் மொத்த சிஸ்டமும் மூச்சுப்பிடித்து நிற்கும், அப்புறம் விழுந்த அட்ரஸ் ஸ்பேஸ் மட்டும் நிற்க, மற்றதெல்லாம் தன் பாட்டுக்கு ஓடும். பிடித்தாகிவிட்டது என்று கன்சோலில் செய்தி வந்தபின் டிஸ்க்கில் எழுதுவது பின்னணியில் நடக்கும். ஸ்டாண்ட்அலோன் டம்ப் எடுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்: சிஸ்டமே செத்துக்கிடக்கும், டம்ப் புரோகிராமை ஐபிஎல் செய்துவிட்டு (மெஷினை முதலிலிருந்து தொடங்கி அதை ஏற்றுவது) உட்கார்ந்திருக்க வேண்டும், மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நின்று "இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்டபடி இருப்பார்.

சரி, கடுப்பு எங்கே? மேக்ஸ்ஸ்பேஸ். நகலை வைக்க எவ்வளவு இடம் தரலாம் என்கிற வரம்பு. நாம் வாயைத் திறக்காவிட்டால் 500 எம்பி. ஜாவா ஹீப் (ஜாவா புரோகிராம் தன் தரவை வைக்கும் மெமரி) ஒன்றே பல ஜிபி இருக்கும் இடத்தில் 500 எம்பி!

ஒரு ராத்திரி எங்கள் பெரிய ஜாவா சர்வர் விழுந்தது. டம்ப் வந்துவிட்டது என்று நிம்மதியாக ஐபிசிஎஸ்ஸில் (டம்ப்பை ஆராயும் கருவி) திறந்தால், தேடிய பகுதி மட்டும் இல்லை. லாக்கில் மேலே போய்ப் பார்த்தால் 'பார்ஷியல் டம்ப்', அதாவது அரைகுறை நகல், என்று ஒரு வரி, நூறு செய்திகளுக்கு நடுவில் சத்தமில்லாமல். மென்பொருள் ஆதரவுக் குழு என்ன சொன்னது தெரியுமா, அடுத்த தடவை விழும்போது முழு டம்ப் அனுப்புங்களாம். புரொடக்‌ஷனில்!

அன்றே சேஞ்ச்டம்ப் கட்டளை போட்டு 8000 எம்பி ஆக்கினேன், டிஸ்க்கில் உள்ள பேஜிங் இடத்தையும் கூட்டினேன், ஏனென்றால் பிடித்த நகல் மெமரியில் இடமில்லாதபோது அங்கேதான் போய் விழும். ஐந்து மாதம் கழித்து அதே சர்வர், அதே பார்ஷியல். நடுவில் ஒரு ஐபிஎல் நடந்திருந்தது. கன்சோலில் அடித்த கட்டளை அதோடு போய்விடும், பார்ம்லிப்பில் (சிஸ்டம் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்புகள்) கமாண்ட் மெம்பரில் எழுதிவைத்தால்தான் ஒவ்வொரு தடவையும் திரும்ப வரும். மேனுவலில் இருக்கிற விஷயம்தான். தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வரம்பை இவ்வளவு இறுக்கமாக வைத்துவிட்டு, பாதியோடு நின்றதை இவ்வளவு அடக்கமாகச் சொல்வதில் என்ன நியாயம்?

மேலே புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்கவில்லை. மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு 10க்கு 4. வேறு டம்ப்புக்கு மாறுவாயா என்றால், மாட்டேன்.

இதை எழுதுமுன், வரம்பைக் காட்டும் டிஸ்ப்ளே டம்ப் கட்டளையை அடித்துப் பார்த்தேன். 8000 இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஐபிஎல், திங்கட்கிழமை காலையிலும் அடித்துப் பார்ப்பேன்.